ரோமுக்கும் பெர்லினுக்கும் எவ்வளவு தூரம்

ஆவணி 12, வியாழன்

பாப்பா பிறக்கும் முன் பெர்லினில் என் வீட்டுக்காரருக்குக் குடல்வால் ஆபரேஷன். இங்கே ஊரில் நிறைமாதமாக இருந்த நான், ரோமில் இருக்கும் நாத்தனாரிடம், "மதினி, அவரப் போய்ப் பாருங்க" என்று போனில் அழுதேன். "ரெண்டு நாள் பயணம்த்தா, டெல்லிக்குப் போறாப்புல" என்றார். நம்பினேன்.

இன்று சாப்பிடும்போது மாமியாரிடம் மதினியே அளக்கிறார்: "போன மாசம் பெர்லினுக்குத் துணி எடுக்கப் போனோம்மா. ரெண்டு மணி நேரந்தான்."

"தம்பியப் பாத்தியாடி?"

"நேரம் எங்கன இருந்துச்சு?"

போனில் தேடினேன். ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர், விமானத்தில் இரண்டு மணி நேரம். இங்கிருந்து மேகமலைக்குப் பஸ்ஸில் போகவே அவ்வளவு ஆகும்.

நாளை பாப்பாவைத் தொட்டிலில் போட்டுப் பேர் சொல்வது அத்தை முறை. அதற்காக மதினி சங்கிலியோடு வந்திருக்கிறார். நான் ஜெயமங்கலத்துப் பெரிய மாமனார் மகளிடம் வந்து பேர் சொல்லச் சொல்லிவிட்டேன். அவரும் அத்தைதான். வீட்டுக்காரர் திட்டுவார். திட்டட்டும். சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு மதினி சபை நடுவில் நிற்பதை நான் பார்க்க வேண்டும்.