பத்மா கண்ட முகம்

செவ்வாய், இரவு.

என் மனைவி பத்மாவின் தாலிக்கொடியைக் கொழும்பு காலி வீதியில் அறுத்தவனை அடையாளம் காட்ட, இன்று நீதிமன்றம் போனோம். நான் வெளியே காத்திருந்தேன். அடையாள அணிவகுப்பு முடிந்து அவள் வெளியே வந்தாள்.

"ஆளைக் காட்டினீரோ?"

"இல்லையப்பா. வரிசையில ஒரு முகம் தெரிஞ்சுது. ஆனா அது ரோட்டில கண்ட முகமில்லை, நேற்று பொலிஸ்காரர் போனில காட்டின முகம். நீதவானிட்ட அப்பிடியே சொல்லிப்போட்டன்."

எனக்குக் கோபம் வந்தது. "கொடி இனிக் கிடைச்ச மாதிரித்தான்!"

"எனக்கும் கொடி வேணும்தான். அதுக்காக ஆரோ பெத்த பிள்ளையை உள்ளுக்குத் தள்ளேலுமே?"

பஸ் ஏறி வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தோம். இப்போது அவள் உறங்குகிறாள். கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. கொடி கிடந்த நாட்களில்கூட அந்தக் கழுத்து இன்று நீதிமன்றத்தை விட்டு வந்தபோது போல நிமிர்ந்து நான் கண்டதில்லை.