செசிமின் கால் கயிறு

கொச்கோர்,
ஏப்ரல் 9.

அன்பு மகள் பெகிமாய்க்கு, அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் உன் மகள் செசிமும் நம் குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகள் ஆறு பேரும் நல்ல சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கொரியாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். நம் சபைத் தம்பி ஒருவர் சியோலுக்கு வருகிறார், அவர் கையில் இதையும் பாதாமி ஜாமையும் கொடுத்திருக்கிறேன். ஜாமை மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் காட்டு.

ஆறு பேர் என்று எழுதியிருக்கிறேனே, ஏழாவது பிள்ளை எங்கே என்று கேட்பாய். மீரிம் போய்விட்டாள். எட்டு மாதக் குழந்தையாக அவளை நம் இல்லத்தில் விட்டுவிட்டு மாஸ்கோவில் மீன் கிடங்கு வேலைக்குப் போனாளே அவள் அம்மா ஜஸ்குல், அவள் மூன்று வருஷம் கழித்து மார்ச் முதல் வாரம் வாசலில் வந்து நின்றாள். மீரிம் அவளை யாரோ என்று பார்த்துவிட்டு உன் அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள், உன் அம்மாவைத்தானே அம்மா என்று கூப்பிட்டுப் பழக்கம். உன் அம்மாவுக்கு விட மனசில்லை. பிள்ளைக்கு இருமல் என்றாள், கணவாயில் பனி உருகட்டும் என்றாள், பிள்ளையை ஒப்படைக்க அலுவலகக் காகிதம் வரவில்லை என்றாள். காகிதம் என் சட்டைப்பையில்தான் இருந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை, எனக்கும் அந்தப் பிள்ளை மேல் உயிர்.

ஜஸ்குல் சண்டை போடவில்லை. தினமும் வந்து பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டாள். நமக்கு உதவி அனுப்பும் ஹாலந்துச் சபையார் வந்தபோது எடுத்த படம். அப்போதுதான் மீரிம் நடக்க ஆரம்பித்திருந்தாள், விருந்தாளிகளுக்குக் காட்டலாம் என்று போதகரிடம் கேட்டு, ஜெபம் பண்ணிவிட்டு, முதலடி வைத்த பிள்ளையின் காலைக் கட்டி, இனி தடுக்காமல் நடக்கட்டும் என்று அறுத்துவிடுகிற நம் கால் கயிறு சடங்கை அவர்கள் முன்னாலேயே வைத்துவிட்டோம். பிள்ளையை நோக்கி ஓடும் ஓட்டத்தில் முதலில் வருகிறவர்தானே அறுக்க வேண்டும், நாங்கள் மரியாதைக்காக வேண்டுமென்றே மெதுவாக ஓடி விருந்தாளிகளில் ஒரு நெட்டைக்கால் அம்மாளை ஜெயிக்கவிட்டோம். நானும் நொண்டுகிற மாதிரி நடித்தேன். எல்லாரும் கை தட்டினோம். பெற்றவள் ஒருத்தி இருக்கிறாளே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஜஸ்குல் படத்தை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் உன் அம்மாவிடம், "எம் புள்ள கால் கயித்த யாரோ அறுத்து விட்டுட்டாங்க அக்கா, நான் அங்க மீன் அறுத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். குரல்கூட உயரவில்லை. உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, சாப்பாட்டிலும் உப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கறுப்பும் வெள்ளையுமாகக் கம்பளி நூலை எடுத்துத் தானே முறுக்கினாள். மீரிமை முற்றத்தில் நிறுத்திக் காலைக் கட்டினாள். மூன்றரை வயசு தாண்டியாயிற்று, ஆட்டைத் துரத்திப் பிடிக்கிற பிள்ளை. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடுகிற குட்டிக்கு எதற்குக் கயிறு என்று சிரித்தார்கள். உன் அம்மா காதில் வாங்காமல், ஓட்டத்துக்கு யாரும் வரிசையில் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். ஜஸ்குல் மட்டும் வேலிப் பக்கம் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். உன் அம்மா கத்தினாள்: "ஓடி வாடி. ஒம் புள்ள கட்டுப்பட்டு நிக்குது."

ஓடி வந்தாள் மகளே. ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன் அம்மா நீட்டிய சமையல் கத்தியால் கயிற்றை அறுத்துப் பிள்ளையின் கையைப் பிடித்தாள். மீரிம் நாலு அடி அவளோடு நடந்தாள், கையை உதறிவிட்டு உன் அம்மாவிடம் ஓடி வந்தாள். உன் அம்மா அவளைத் தூக்கவில்லை. தோளைப் பிடித்துத் திருப்பி, அந்தக் கையை மறுபடி ஜஸ்குல் கையில் வைத்தாள். நான் அடுப்புக் கரி அள்ளப் போகிற மாதிரி கொட்டகைக்குள் போய் அழுதேன், உண்மையைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம். வியாழக்கிழமை இருவரும் நரினுக்கு, ஜஸ்குலின் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள், பிள்ளை ரொட்டி தின்றாளாம், இரண்டு முறை அழுதாளாம். உன் அம்மா இன்னும் மீரிமுக்கும் சேர்த்தே மாவு பிசைகிறாள்.

இதை ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். போன வாரம், செசிமுக்குக் கயிற்றை அறுத்துவிடுங்கள், வீடியோ மட்டும் அனுப்புங்கள் என்று சொன்னாய். அது நடக்காது. உன் முதலாளியிடம் பத்து நாள் விடுப்பு கேள், கோடையில் இல்லாவிட்டால் இலையுதிர் காலத்தில் வா. மற்ற எதையும் உனக்காக நாங்கள் செய்வோம், இதைச் செய்ய மாட்டோம். கோபித்துக்கொள், பரவாயில்லை.

ஆண்டவர் உங்கள் இருவரையும் கண்மணி போல் காக்கட்டும். காதை மூடிக் குல்லாய் போடு. ஒன்று சொல்ல வேண்டும், உன் அம்மா எழுதாதே என்றாள். நேற்று செசிம் அடுப்பிலிருந்து கதவு வரை முதல் தடவையாகத் தானாக நடந்தாள். நாங்கள் இருவரும் பார்க்காதது போலத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

உன் அப்பா,
ஓமுர்பெக்