சுவரில் இரண்டு வெள்ளை

“டீச்சர், இதுல எது பச்சரிசி, எது புழுங்கல்?” என்று சுவரைக் காட்டி நீங்கள் கேட்டபோது நான் சிரித்தேன். இன்று பெயிண்டர் வந்து, அதே சுவரைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டார். ஜன்னலருகே நீங்கள் பூசிப் பார்த்த இரண்டு பட்டைகளும் அப்படியே இருக்கின்றன.

டெக்சாஸ் பேர்லேண்ட் வீட்டின் முன்னறைக்காக ஜூனில் நாம் வாங்கிவந்த இரண்டு வெள்ளைகள். ஒன்று சுத்த வெள்ளை, மற்றதில் லேசான மஞ்சள். பள்ளியில் மட்டுமல்ல, கட்டிக்கொண்ட உங்களுக்கும் நான் டீச்சர்தான்; பழக்க தோஷம், உதாரணம் இல்லாமல் எனக்குச் சொல்ல வராது. பச்சரிசி, புழுங்கலரிசி என்று பெயர் வைத்தேன். முதல் நாள் சரியாகத்தான் சொன்னீர்கள்.

மறுநாள் சுவரைத் தேய்த்தபோது இடது கண்ணில் தூசி விழுந்தது. அதைப் பொத்திக்கொண்டு சுவரையே பார்த்தீர்கள்.

“ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. அழுக்குத் தண்ணி மாதிரி.”

“டீச்சர்கிட்டயே விளையாட்டா? மூஞ்சிய கழுவிட்டு வாங்க.”

கழுவிவிட்டு வந்தீர்கள். இரண்டு கண்ணாலும் பார்த்ததும் சரியாகச் சொன்னீர்கள். பாஸ் போட்டுவிட்டேன்.

அந்த வாரமே காரை எடுக்கையில் வலப்பக்கம் இருந்த தபால் பெட்டியை இடித்தீர்கள். “பெட்டி ரோட்டுக்கு வந்துடுச்சும்மா” என்றீர்கள். அதற்கும் சிரித்தேன். அதன்பின் எத்தனையோ முறை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஃப்ரீவேயில் ஓட்டினீர்கள். வலப்பக்கம் உரசுகிறாற்போல் வந்த லாரிகளை நம் இருவரில் நான் ஒருத்திதான் பார்த்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நவராத்திரி வாரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு கட்டி வலது கண் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று மருத்துவர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன், “லாஸ்ட் வீக்” என்றீர்கள்.

வெளியே வந்ததும் கேட்டேன். “ஏன் பொய் சொன்னீங்க? ஜூன்லயே சொன்னீங்களே!”

“சொல்லியிருந்தா நீ அங்கேயே அழுதிருப்பே. விடு.”

நீங்கள் போய்விட்ட பிறகும் விடத்தான் முடியவில்லை. மற்ற மூன்று சுவர்களுக்கும் பூசச் சொன்னேன், இதைத் தொடவேண்டாம் என்றேன். தினமும் காலையில் இதன் முன் நின்று, ஒரு கண்ணைப் பொத்துகிறேன், பிறகு மற்றதை. இதுவரை பச்சரிசி பச்சரிசியாகவே தெரிகிறது. ஆனாலும் கண்ணைப் பொத்தும் நேரத்தில் ஒவ்வொரு நாளும் பயம்.

இதை வாசிப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஒரு வெள்ளைச் சுவர் முன் நின்று, ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பாருங்கள். நிறம் மாறித் தெரிந்தால் முகம் கழுவிக்கொண்டு நிற்காதீர்கள். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.