செயின் தொங்கும் அளவு

ஜூன் 4

குட்டிக்கு வேலை கிடைத்ததில் வீட்டில் ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் பயம். அணைக்கட்டில் வேலை. மலைப் பாதையில் தனியாக, அந்தப் பழைய மோட்டார் பைக்கில் போகப் போகிறாளாம். பஸ்ஸில் போயேன் என்றேன். "அங்க பஸ்ஸே போகாதும்மா" என்றாள். பஸ் போகாத இடத்தில் என் பெண்ணுக்கு என்ன வேலை?

ஜூன் 7

புதுச் செயினும் பல்சக்கரங்களும் வாங்கி வந்துவிட்டாள். மெக்கானிக்கிடம் விடமாட்டாளாம், முற்றத்திலேயே தானே மாற்றுவாளாம். "நடுவழியில நின்னா மெக்கானிக்கா வருவான்?" என்கிறாள். நடுவழியில் நிற்பதைப் பற்றி இவ்வளவு சாதாரணமாகப் பேச எங்கே கற்றாள்?

ஜூன் 8

மாற்றியாயிற்று. காலையிலிருந்து, தைக்க வந்த துணியில் ஒரு தையல் போடவில்லை. கந்தைத் துணி கொடுப்பதும் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும்தான் என் வேலை. முன்பக்க மூடியைக் கழற்றினால் உள்ளே கறுப்பாக அப்பிய கிரீஸ். பழைய பல்சக்கரத்தின் பற்கள் கொக்கி மாதிரி வளைந்திருந்தன. "செயினை மட்டும் மாத்தினா இந்தப் பல்லு புதுசையும் தின்னுடும்" என்று முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம் இரண்டையும் சேர்த்தே மாற்றினாள்.

கடைசியில், "அம்மா, ஏறி உட்காரு. ஆள் உட்கார்ந்தாத்தான் செயின் அளவு பார்க்க முடியும்" என்றாள். நானா? அதன் மேல் ஏறுவதை நினைத்தாலே எனக்குத் தலை சுற்றும். மாட்டேன் என்றுவிட்டேன். இவர் ஏறி, போட்டோ எடுக்கப் போவதுபோல நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். குட்டி கீழே குனிந்து அளவு பார்த்து, பின்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் அச்சு நட்டை இறுக்கினாள்.

இவர் இறங்கியதும் பார்த்தேன். செயின் மறுபடி தொங்குகிறது!

ஜூன் 9

செய்துவிட்டேன். குட்டி குளிக்கப் போன நேரம்.

என் தையல் மெஷினில் பெல்ட் இப்படித் தொங்கினால் சக்கரம் வழுக்கும், ஊசி நின்றுவிடும். எத்தனை பெல்ட் இறுக்கிய கை இது! நேற்று பார்த்தபடியே அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் இருந்த சின்னத் திருகுகளைச் சுற்றினேன். சக்கரம் பின்னால் நகர்ந்தது, செயின் விறைப்பாக நின்றது. ஸ்பேனர் வழுக்கிக் காலில் நல்ல அடி. சொன்னால் கத்துவாள். சொல்லவில்லை.

ஜூன் 10

விடிந்ததும் கிளம்பிவிட்டாள். தெருமுனை திரும்பும்போது வண்டி முனகியது போலிருந்தது. என் காதுதானோ?

மதியம் — தைக்கக் கொடுத்த பேன்ட்டை வாங்க வந்த தபால்காரத் தம்பி செயின் கதையைக் கேட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஐயையோ, ஏன்க்கா இறுக்கினீங்க? கொஞ்சம் தொங்கத்தான் வேணும். ஆள் ஏறினா, பள்ளத்துல இறங்கினா, அதுவா இறுகும். முன்னாடியே இறுகியிருந்தா அறுந்துடும்." அறுந்து சக்கரத்தில் சிக்கினால் என்று கேட்டேன். அவர் பேன்ட்டை மடிக்க ஆரம்பித்தார்.

குட்டிக்குப் போன் செய்தால் முதலில் மணி அடித்தது. இப்போது தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. எந்த எல்லை? ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்! அவ சரியாத்தானே வெச்சிருந்தா. எனக்கு எதுக்கு இந்த வேலை?

அச்சு நட்டைத் திரும்ப இறுக்கினேனா? காலில் நீலம் பாரித்திருக்கிறது. இறுக்கும்போது பட்ட அடியா, தளர்த்தும்போது பட்டதா? ஞாபகமே இல்லை. இறுக்காமல் விட்டிருந்தால் சக்கரமே —

மாலை — இவரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தால், சட்டையை எடுத்து மாட்டினார். எங்கே போகிறீர்கள் என்றேன். "தெரியல" என்றார். இன்னும் வாசலில்தான் நிற்கிறார்.

ஜூன் 11

நேற்று இருட்டும் நேரத்தில் போன் வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"பெட்ரோல் பங்க் வரைக்கும் ஒரே முனகல். இறங்கிப் பார்த்தா செயின் கம்பி மாதிரி நிக்குது. நட்டுல நீல நூல் சுத்தியிருந்துச்சு. நம்ம வீட்டுல யாரும்மா நூலோட திரியறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அச்சு நட்டு இறுகியிருந்ததா என்று கேட்டேன்.

"அதை ஏன் கேக்கற? கழட்ட ரெண்டு ஆள் வேண்டியிருந்துச்சு." சிரித்தாள். பிறகு சிரிக்காமல், "இனிமே என்கிட்ட சொல்லாம வண்டியில கை வைக்காதேம்மா" என்றாள். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூன் 19

மழை. மலையிலும் பெய்யுமோ? ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன்.

ஜூலை 6

குட்டி வந்திருக்கிறாள். நன்றாகக் கறுத்திருக்கிறாள், நன்றாகவும் சாப்பிடுகிறாள்.

காலையில் வண்டியை முற்றத்தில் நிறுத்தி, "புதுச் செயின் கொஞ்ச நாள் ஓடினா தளரும்மா. அளவு பார்க்கணும், ஏறு" என்றாள். அப்பாவைக் கூப்பிடு என்றேன். "அவர் கடைக்குப் போயிருக்கார். ஏறும்மா, நான் பிடிச்சுக்கறேன்."

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். கால் நுனிதான் தரையைத் தொட்டது. குட்டி கீழே உட்கார்ந்து செயினை விரலால் தூக்கிக் காட்டினாள். என் எடையில் தொங்கல் குறைந்திருந்தது. அப்படியும் கொஞ்சம் ஆடியது. இன்னும் ஒரு சுற்று இறுக்கலாமே என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

இறங்கியதும் பெரிய ஸ்பேனரை என்னிடம் நீட்டினாள். "அச்சு நட்டை மட்டும் நீ இறுக்கு. உன் அளவுக்கு எனக்கு வராது."

ஸ்பேனரை நட்டில் மாட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு அதன் பிடி மேல் ஏறி நின்றேன்.