மாடி வீட்டுக் குழாயில் தவறில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அம்மாவின் முழங்கால் வலிகூட இந்த மழையில் ஆச்சரியமாக அடங்கிக் கிடக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி சிரித்த முகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். அன்றாடம் போனில் பேசுகிறவர் எதற்காகப் பேனாவை எடுத்தார் என்று உனக்குத் தோன்றும். போனில் சொல்லத்தான் பார்த்தேன். நீ "சொல்லுங்கப்பா" என்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, மாப்பிள்ளையின் சளியைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். அதுவும் இல்லாமல், போனில் சொன்னால் பாதியிலேயே நீ "பரவாயில்ல விடுங்கப்பா" என்று சொல்லிவிடுவாய். இதை விடக்கூடாது. முழுக்க எழுதிவிடுகிறேன், முழுக்கப் படி.

கூடத்து ஜன்னல் இடுக்குகளை நானே அடைத்துப் பெயிண்ட் அடித்தேன் என்று பெருமையாகப் போட்டோ அனுப்பினேன் அல்லவா, அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம். அந்த ஜன்னல் சட்டம் பழைய மரம், பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து கிடந்தது, சாய்ந்த மழை பெய்தால் கதவு இடுக்கு வழியாக நாலு துளி உள்ளே தெறிக்கும். துடைத்தால் போய்விடும். ஆள் வைத்துச் செய்யலாம் என்றாள் அம்மா. நான் கேட்பேனா. பஸ் டிப்போவில் அடுத்தவன் செய்த வேலையில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன், இந்த ஜன்னல் எனக்கு எம்மாத்திரம் என்று கடையில் சிலிக்கான் பசையும் பட்டியும் ஒரு டப்பா எனாமலும் வாங்கி வந்து, பழைய பெயிண்டை ஒழுங்காகச் சுரண்டக்கூட இல்லை, மரம் காய்ந்திருக்கிறதா என்றும் பார்க்கவில்லை, எங்கெல்லாம் இடுக்கு தெரிந்ததோ அங்கெல்லாம் பிதுக்கி அடைத்தேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. நீயும் கைதட்டுகிற பொம்மை அனுப்பினாய்.

அடுத்த மழையில் ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறிப்போய்விட்டது. அலமாரிக்குப் பின்னால் தண்ணீர் இறங்கி அம்மாவின் பட்டுப்புடவைகள் வரை ஈரம். என் மூளை எங்கே போனது பார், ஜன்னலை நான் அடைத்திருக்கிறேன், அதனால் ஜன்னலாக இருக்க முடியாது என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டது. அப்படியானால் மேலே இருந்துதான் வரவேண்டும். மேலே யார், நீ சின்ன வயதிலிருந்து அக்கா அக்கா என்று கூப்பிடுகிற, துணி தைக்கிற மாடி வீட்டுப் பெண். படுக்கையில் கிடக்கிற தன் அம்மாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் நிறையச் செலவழிப்பாள் என்பது கட்டடத்துக்கே தெரியும். குளியலறைக் குழாய் கசிந்து சுவர் வழியாக இறங்குகிறது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. குடியிருப்போர் கூட்டத்தில், கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்று, "மேல தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தா கீழ இருக்கிறவன் என்ன, குடை பிடிச்சுக்கிட்டா தூங்கறது?" என்று கேட்டேன். சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதை எழுதும்போது கை கூசுகிறது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, பார்க்கிறேன் சார் என்றாள். இத்தனை வருடமாக மாமா என்று கூப்பிட்டவள், அன்றைக்கு சார் என்றாள். அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. குளியலறைத் தரையை உடைத்து, பிளம்பரை வைத்துப் பார்த்தாள். அவர் ஒரு கசிவும் இல்லை என்று சொல்லியிருக்கிறார், இருந்தாலும் எதற்கு வம்பு என்று பழைய குழாயை மாற்றச் சொல்லியிருக்கிறாள். அடுத்த மழையில் மறுபடியும் நம் சுவர் ஊறியது. நான் மறுபடியும் மாடிப்படி ஏறினேன். இந்த முறை அவளுடைய வாசலிலேயே நின்று கத்தினேன், உள்ளே அந்த அம்மாள் படுத்திருந்தது எனக்குத் தெரியும், காதில் விழட்டும் என்றே கத்தினேன். அதற்குப் பிறகு அவள் குளியலறையில் தண்ணீர் விடுவதையே நிறுத்திவிட்டாள். உடைத்த தரை உடைத்தபடியே கிடக்க, அறைக்குள்ளேயே பிளாஸ்டிக் விரித்துத் துணியை நனைத்து தன் அம்மாவைத் துடைத்துவிட்டு, அந்த அழுக்குத் தண்ணீரை வாளியில் பிடித்துப் படியிறங்கி வந்து கீழே சாக்கடையில் ஊற்றுவாள். அவள் வாளியோடு நம் வாசலைத் தாண்டிப் போவதை நான் பேப்பருக்கு மேலாகப் பார்த்திருக்கிறேன். இப்போதாவது புத்தி வந்ததே என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் உன்னிடம் சொன்னேன். உனக்கு நினைவிருக்கும், நீ ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள் என்று சொல்லி உன்னைத் தூண்டினேன். நீயும் எழுதினாய். என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை, காரியம் நடந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

தண்ணீர் காணாத உடம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும். படுத்த படுக்கையாக இருந்த அந்த அம்மாளுக்கு முதுகில் புண் வந்து, சீழ் வைத்து, காய்ச்சல் கண்டுவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனார்கள். அக்கா வீட்டைப் பூட்டி, போகிற அவசரத்திலும் மாடித் தொட்டியிலிருந்து தன் வீட்டுக்கு வருகிற குழாயை மூடிவிட்டு, மூடிவிட்டேன் என்று நம் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனாள். நான் தலையாட்டினேன். மறுநாள் மத்தியானம் பிடித்தது மழை. நல்ல சாய்மழை. கூடத்துச் சுவரில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது, எப்போதையும்விட அதிகமாக. அம்மா அடுப்படியிலிருந்து வந்து சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மேல வீடு பூட்டிக் கெடக்கு. குழாயும் மூடியிருக்கு. இப்ப இது யார் வீட்டுத் தண்ணிங்க?" என்று கேட்டாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

மழை விட்டதும் அம்மாவே ஒரு செம்பை எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போய் ஜன்னலுக்கு வெளியிலிருந்து தண்ணீரை ஊற்றினாள், நான் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். சட்டத்தின் அடியிலிருந்து பொலபொலவென்று உள்ளே வந்தது. திருப்புளியால் குத்திக் கிளறிப் பார்த்தேன். ஜன்னலின் அடிக்கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, அதன் கீழ்ப்பக்கம் நீளமாக ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள், கட்டையில் வழிகிற தண்ணீர் அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் சொட்டி வெளியே விழுவதற்காக. அதை விரிசல் என்று நினைத்துப் பட்டி வைத்து அடைத்திருக்கிறேன். ஜன்னல் கதவின் அடியில் தண்ணீர் வெளியே போக விட்டிருந்த இடைவெளியையும் அடைத்திருக்கிறேன். வெளியே போக வழியில்லாத தண்ணீர் வேறென்ன செய்யும், வீட்டுக்குள் வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்களே, குரங்காய் முடிந்தால்கூடத் தேவலை. சோம்பேறித்தனத்தால் நான் கை வைக்காமல் விட்ட படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே சுவர் சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மாவும் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கூட ஆள் இருந்தால் பேச்சை அவளிடம் தள்ளிவிட்டு நான் தலையாட்டிக்கொண்டு நிற்பேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் அக்கா ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள், கொடுக்க வேண்டிய துணியை அங்கேயும் கொண்டுபோயிருக்கிறாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உன் குழாயில் தவறில்லை, என் ஜன்னல்தான், நான்தான் அடைத்துக் கெடுத்தேன், உன் அம்மாவுக்கு இப்படி ஆனது என்னால்தான், என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சொன்னாள், "நீங்க வயசானவரு, கோவத்துல பேசினீங்கன்னு விட்டுடலாம் சார். சின்னவ எழுதினதுதான் தாங்க முடியல. அம்மாவ சாக்கா வச்சு அடுத்தவங்கள நோகடிக்காதீங்கன்னு எழுதியிருந்தா. என்ன நடந்துச்சுக்கான்னு ஒரு வார்த்தை அவ கேக்கல."

நீ எழுதியதை அன்றைக்குத்தான் நான் கேட்டேன். அம்மாவைச் சாக்காக வைத்து என்பது என் வார்த்தை, நான் உன்னிடம் போனில் சொன்னது அப்படியே. உன் முதல் வேலைக்கு நீ போட்டுக்கொண்டு போன சட்டையை ஒரே ராத்திரியில் பிரித்துத் தைத்துக் கொடுத்தவளிடம் உன் கையால் என் வார்த்தை போய்ச் சேர்ந்திருக்கிறது. எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாராட்டு வாங்குவதற்காக இதை எழுதவில்லை. கூட்டத்தைக் கூட்டச் சொல்லி, அதே இடத்தில் அதே ஆட்கள் முன்னால் எழுந்து நின்று, தப்பு என்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மருந்துக்கடைக்காரர், இதுக்கெல்லாம் எதுக்கு சார் கூட்டம், விடுங்க என்றார். அவள் தலைகுனிந்தபோது சிரிக்க எல்லாரும் இருந்தார்கள், நான் தலைகுனிகிறபோது விடுங்க சார் என்று சொல்லவும் எல்லாரும் இருக்கிறார்கள். அதுதான் என்னை இன்னும் சுட்டது. அக்காவிடம் கெஞ்சிச் சாவி வாங்கிக் குளியலறைத் தரையைச் சரிசெய்ய ஆள் விட்டேன், எனக்காகச் சம்மதிக்கவில்லை, தன் அம்மா வந்தால் குளிக்க வேண்டும் என்பதற்காகச் சம்மதித்தாள். உடைந்த ஓடுகளையும் மண்ணையும் நானே வாளியில் அள்ளிக் கீழே சுமந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது, அம்மா தைலம் தேய்த்துவிட்டாள், பாவம் என்று மட்டும் சொல்லவில்லை.

ஜன்னலையும் சரிசெய்தாகிவிட்டது. உப்பிப்போன அடிக்கட்டையைத் தச்சர் மாற்றினார். மற்றதை நான் வெறும் மரம் தெரிகிறவரை சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் அடித்து, மேலேயும் பக்கவாட்டிலும் மட்டும் பசை வைத்து, அடியைத் திறந்து விட்டு இரண்டு கோட்டிங் அடித்தேன். அந்தப் பள்ளத்தில் பெயிண்ட் தேங்காமல் தீக்குச்சியால் வழித்துவிட்டேன். போன வாரம் நல்ல மழை, சுவர் காய்ந்திருந்தது. போட்டோ அனுப்பமாட்டேன்.

அந்த அம்மாள் வீட்டுக்கு வந்தாயிற்று, புண் ஆறிக்கொண்டு வருகிறது. முழுசாக ஆற நாளாகும் என்கிறார்கள். அக்கா வாசலில் பார்த்தால் தலையசைக்கிறாள். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

இதுவரை எழுதி அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். "மாடி வீட்டுப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டீங்க, கூட்டத்துல கேட்டீங்க. நம்ம பொண்ணுகிட்ட எங்க கேட்டிருக்கீங்க?" என்றாள். நியாயம்தான். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாய் பார், அந்த நம்பிக்கையை எடுத்து ஒருத்தியை அடித்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு, கண்ணு. இனிமேல் நான் சொன்னாலும் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு நம்பு, எனக்கு வருத்தமில்லை.

குளிர் வருகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ, மாப்பிள்ளையின் இருமலை அலட்சியம் செய்யாதே. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, ஒருவர் சொல்வதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டு, மனநிறைவோடு வாழவேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

மறக்காமல் ஒன்று செய். அக்காவுக்குப் போன் செய். எழுதாதே, போன் செய். மத்தியானம் தன் அம்மா தூங்குகிற நேரத்தில்தான் அவள் மெஷினில் உட்காருவாள், அப்போது எடுப்பாள். எல்லாப் பழியையும் என் மேல் போட்டுவிட்டு வைத்துவிடாதே. முதலில், என்ன நடந்தது அக்கா என்று கேள். கேட்டுவிட்டுப் பேசாமல் இரு, அவள் சொல்லட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து எழுதும்
உன் அப்பா