எண்பத்து மூன்றில் சிரித்த சிரிப்பு

அன்பு மகன் ஹாஸிமுக்கு,

அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து உன் தகப்பன் எழுதுவது. உன் மேலும் மருமகள் மேலும் குட்டி ஸெய்ன் மேலும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடும்படி இருக்கிறோம், இந்த வயதில் அதற்கு மேல் கேட்டால் பேராசை. மான்ட்ரியல் பனியில் நீங்கள் மூவரும் எப்படி இருக்கிறீர்களோ என்ற நினைப்புதான் காலையில் கண் விழித்ததும் வருகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், ரொட்டிக் கடைக்கு மட்டும் படியிறங்குகிறாள், மற்றதற்கெல்லாம் என்னைத்தான் விரட்டுகிறாள். போன வாரக் கடல் காற்றில் பால்கனிக் கதவின் ஒரு பலகை பிய்ந்து கீழ்வீட்டுக்காரர் துணியோடு போய் விழுந்தது, அவருடைய சட்டையில் ஓட்டை, இன்னும் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார். உன் தங்கை இன்ஜி பெருநாளுக்குக் கஹ்க் பிஸ்கட் செய்கிறேன் என்று வந்து, போனில் பேசிக்கொண்டே ஒரு தட்டு முழுவதையும் கரியாக்கினாள், மிச்சத்தில் உனக்கென்று ஒரு டப்பா எடுத்து வைத்திருக்கிறோம். இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்பப் போகிறவளும் அவள்தான். படிக்காதே என்று சொல்லியிருக்கிறேன், படிப்பாள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒரே ஒரு விஷயம் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வளைத்துக்கொண்டு வருகிறேன். நேராக எழுதுங்கள் என்று அம்மா சொன்னாள், எனக்கு வரவில்லை, சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது. இந்தப் பெருநாளுக்கு முந்தின வாரம் முழுவதும் தொலைக்காட்சியில் எங்கள் காலத்துச் சிரிப்புப் படங்களை வரிசையாகப் போட்டார்கள். என்னோடு ட்ராமில் வேலை பார்த்த ஷௌகத்தை உனக்கு ஞாபகம் இருக்கும், தொப்பையும் விசிலுமாக வருவானே, அவனும் மனைவி போன பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் தினமும் இங்கே வந்துவிட்டான். இரண்டு கிழங்களும் உப்புக் கடலையைக் கொறித்துக்கொண்டு, நடிகர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே வசனத்தைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு குமாஸ்தாக்கள் ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரே பெண்ணைப் பார்க்கப் போவார்களே, அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் இன்னும் கல் மாதிரி நிற்கிறது, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். மற்றதெல்லாம் அப்படி இல்லை, ஹாஸிம். ஒரு படத்தில் எஜமான் வாசல் காவல்காரனைப் பத்து நிமிஷம் அறைந்துகொண்டே இருக்கிறார், அதுதான் காமெடி. இருபது வயதில் அதற்கு நாற்காலியிலிருந்து விழுந்தவன் நான். இப்போது ஷௌகத்தின் முகத்தைப் பார்த்தேன், அவனும் சிரிக்கவில்லை, கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தான். நான்தான் மாறிவிட்டேனா, படமே எப்போதும் இப்படித்தான் இருந்ததா என்று கேட்டேன். அவன் தேநீர் கேட்டான்.

அதற்குப் பிறகுதான் வழக்கம்போல் பெருநாள் மதியம் 'ஐந்தாம் மாடி மாப்பிள்ளை' வந்தது. உனக்கு அந்த நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஸெய்ன் பெரியவனாகி இதைப் படிக்கலாம், அவனுக்காக எழுதுகிறேன். எண்பத்து மூன்று கோடையில் கடற்கரை அரங்கில் அது நடந்துகொண்டிருந்தபோது, தொலைக்காட்சிக்காரர்கள் வந்து படமெடுத்த நாளில் நானும் உன் அம்மாவும் நான்காவது வரிசையில் இருந்தோம். நீ அவள் வயிற்றில் ஐந்து மாதம். நாடகத்தில் மூட்டை தூக்கும் திக்குவாய்க்காரன் ஒருவன் உண்டு, வாயைத் திறந்து திறந்து மூடுவதால் அவனுக்குக் கர்மூத், கெளுத்தி மீன், என்று பட்டப்பெயர். தான் யாரைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான் என்று வீட்டுக்காரரிடம் அவன் சொல்ல வேண்டும். பெண்ணின் பெயர் புஸைனா. பு, பு என்று நிற்கிறான். "சொல்லுடா, பட்டாணியா, பாதாமா?" என்று கேட்கிறார் வீட்டுக்காரர். அரங்கம் சிரிப்பதற்கு ஒரு நொடி முன்னால், ஒரே ஒரு ஆள், பம்பு ஓடுகிற மாதிரி மூச்சு முட்டிச் சிரிக்கிறான். அந்த ஆள் நான். அந்தச் சிரிப்பு நாடகத்தோடு சேர்ந்தே பதிவாகி, நாற்பது வருஷமாக ஒவ்வொரு பெருநாளும் நாடு முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிறது. ட்ராமில் நான் சிரித்தால் ஜனங்கள் திரும்பிப் பார்த்து, அந்த நாடகச் சிரிப்பு நீங்களா என்று கேட்பார்கள். ராஜா மாதிரி தலையாட்டுவேன். வேறு எதற்கும் என் பேர் வெளியே தெரிந்ததில்லை, அந்தப் பெருமையில் எனக்குக் கண் மறைத்துவிட்டது.

நீ நாலு வயதில் திக்க ஆரம்பித்தாய். வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர், பொறுமையாகக் கேளுங்கள், வார்த்தையை நீங்கள் முடிக்காதீர்கள் என்றும் சொன்னார், அந்த இரண்டாவதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டில் உன்னைக் கர்மூத் என்று கூப்பிட ஆரம்பித்தவன் நான்தான், வேறு யாருமில்லை. நீ ஒரு சொல்லில் நின்றால், நாடகத்தில் வருகிற அதே குரலில், பட்டாணியா பாதாமா என்று கேட்பேன். நாமெல்லாம் எதற்கெடுத்தாலும் நாடக வசனத்தை எடுத்து வீசுகிற ஊர்க்காரர்கள், கல்யாணத்திலும் வீசுவோம், மய்யித்து வீட்டிலும் வீசுவோம், அது பாசம் என்றுதான் நினைத்தேன். உன்னை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை என்று பெருமை பேசியிருக்கிறேன். அடித்திருந்தால் பத்து நாளில் ஆறியிருக்கும்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் நடந்த கேசட் விஷயத்தை நீ மறந்திருக்க மாட்டாய், நான்தான் மறந்துபோயிருந்தேன், அதாவது சிரிப்புக் கதையாக ஞாபகம் வைத்திருந்தேன். அந்த நாடகத்தைப் பதிவு செய்து பொத்திப் பொத்தி வைத்திருந்த கேசட்டைப் பெருநாள் இரண்டாம் நாள் விருந்தாளிகளுக்குப் போட்டேன். என் சிரிப்பு வர வேண்டிய இடத்தில் பருத்திப் புழுவுக்கு மருந்தடிப்பது எப்படி என்று ஒரு விவசாய அதிகாரி பேசினார். மூன்று நிமிஷம் அவர் பேசி முடித்ததும் நாடகம் தொடர்ந்தது. அந்த இடத்தை மட்டும் அளந்து, அதன் மேல் வேறு நிகழ்ச்சியைப் பதிந்து அழித்திருந்தாய். உன்னை நடுக்கூடத்தில் நிற்க வைத்து ஏன் செய்தாய் சொல்லு என்று கத்தினேன். நீ வாயைத் திறந்தாய், வரவில்லை. சித்தப்பா, ஷௌகத், கீழ்வீட்டுக்காரர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது நான் அந்த வசனத்தைச் சொன்னேன். வீடே சிரித்தது. நீ உள்ளே போனவன் சாப்பிட வரவில்லை. அந்தக் கேள்விக்கு நீ பதில் சொல்ல முயன்றாய் என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை, மகனே. கேசட் போச்சே என்றுதான் இருந்தது.

இப்போது இந்தப் பெருநாளுக்கு வருகிறேன். பெருநாளுக்கு முந்தின வாரம் அம்மா இரண்டு விஷயம் சொன்னாள். ஸெய்ன் பேச்சில் தடுக்குகிறான் என்பது ஒன்று, அதனால் கோடையில் அவனை இங்கே கூட்டி வருவதாக இல்லை என்று நீ எழுதியிருக்கிறாய் என்பது இன்னொன்று. எனக்குக் கோபம் வந்தது. தாத்தா வீடு என்ன புலிக் கூண்டா என்று குதித்தேன். அம்மா மாவு பிசைந்துகொண்டே தலை நிமிராமல், "புலி இருந்தாக்கூட விட்டுடுவான். அந்த நாடகம் ஓடற வீட்டுக்குத்தான் புள்ளையக் கொண்டுவர மாட்டான்" என்றாள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை, ஒரு நாடகத்துக்காகவா என்று முணுமுணுத்துக்கொண்டு, பெருநாளன்று அதே நாடகத்தைப் போட்டுக்கொண்டு ஷௌகத்தோடு உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்குக் கூடத்துத் தொலைபேசி அடித்தது. ஒவ்வொரு பெருநாளும் அந்த நேரத்தில் ஒரு அழைப்பு வரும், யாரும் பேச மாட்டார்கள், யாரது பேசு இல்லாவிட்டால் வை என்று அதட்டி நான் வைத்துவிடுவேன், பெருநாளில் கூடவா வேலையற்றவன் இருப்பான் என்று திட்டுவேன். அரை மணி கழித்து அம்மாவின் கைபேசிக்கு உன்னுடைய எழுத்து வாழ்த்து வரும். நீ மான்ட்ரியல் போய்ப் பதினொரு வருஷம், வருஷத்துக்கு இரண்டு பெருநாள், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றியதில்லை. இந்த முறையும் யாரது என்று கேட்டேன். சத்தமில்லை. நான் வைக்காமல் இருந்தது பொறுமையினால் என்று எழுத ஆசைதான், பொய் எழுதி என்ன பயன், அந்தக் காட்சி வந்துவிட்டது, ரிசீவரைக் காதில் வைத்தபடி எட்டித் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அப்போது காதில் ஒரு மூச்சு கேட்டது. அப்புறம் உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம், இரண்டு தடவை, மூன்று தடவை. அதே நேரத்தில் கூடத்தில் என் சிரிப்பு வெடித்தது. போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஹாஸிம், அது தொலைக்காட்சி. அந்தச் சிரிப்பு எண்பத்து மூன்றில் சிரித்தது, உன் காதில் விழுந்தது அதுதான். என் வாயும் சிரிக்கத் தயாராகத் திறந்துதான் இருந்தது, மறைக்கவில்லை, ஆனால் உன்னைப் பார்த்து இல்லை, சத்தியமாக இல்லை. ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. "அவன்தான், ஹாஸிம் அப்பா. எல்லாப் பெருநாளும் அவன்தான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான், ஒரு நாள் நானே பேசிடுவேன்மான்னு சொன்னான்." வகுப்பில் அறுபது மாணவர்களுக்கு முன்னால் தடங்கல் இல்லாமல் பாடம் நடத்துகிறாயாம், கடையில், ரயிலில், எங்கேயும் நன்றாகப் பேசுகிறாயாம். என்னைக் கூப்பிடுகிற பாபா என்ற ஒரு சொல்லில் மட்டும் இன்னும் நிற்கிறாயாம். அம்மாவின் கைபேசியிலிருந்து உன்னை மூன்று முறை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. எடுக்காததும் நல்லதுதான், என்ன சொல்லியிருப்பேனோ. ஷௌகத் என் தோளைத் தட்டி, வெறும் தமாஷ்தானே விடு என்றான். வாழ்நாளில் முதல் தடவையாக அவனை வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

மறுநாள் காலையில் இன்ஜியின் போனை வாங்கி, காதில் மாட்டிக்கொண்டு, அந்தக் காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டேன். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோதான் கவனித்தேன். நான் சிரிக்கும்போது கர்மூத் சும்மா நிற்கவில்லை. அவன் அந்தப் பெயரைச் சொல்லி முடிக்கிறான். உதடு அசைகிறது, புஸைனா என்று முழுசாகச் சொல்கிறான், சொல்லிவிட்ட சந்தோஷத்தில் முகம் மலர்ந்துபோகிறது. என் சிரிப்புக்கு அடியில் அது யாருக்கும் கேட்கவில்லை. நாற்பது வருஷமாக நாடு முழுக்கப் பார்த்த நாடகத்தில், அவன் சொல்லி முடித்தான் என்பதே எனக்குத் தெரியாது. போனை இன்ஜியிடம் கொடுத்துவிட்டுக் குளியலறையில் போய் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது, எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சிரிப்பை நான் திரும்ப எடுக்க முடியாது. நான் மண்ணுக்குள் போன பிறகும் பெருநாளுக்குப் பெருநாள் அது வரும். நீ மன்னித்துவிடு என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை, அதை நீயே பார்த்துச் செய். ஸெய்ன் பேசும்போது அவன் வார்த்தையை யாரும் முடிக்காமல் பார்த்துக்கொள், உனக்குத் தெரியாததா, ஆனாலும் சொல்கிறேன். அவனைக் கூட்டி வருகிறாயோ இல்லையோ, இந்த வீட்டில் அந்த நாடகம் இனி ஓடாது, அந்தப் பெயர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். அம்மா சாட்சி.

உனக்கும் மருமகளுக்கும் நீண்ட ஆயுளும், என் பேரனுக்கு அவன் நினைத்ததைச் சொல்கிற தைரியமும் இறைவன் தரட்டும். காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு வெளியே போ. மறந்துவிடாதே, இனி வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் மணி மூன்றுக்கு, தொலைக்காட்சியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். நீ ஒன்றுமே பேசாவிட்டாலும் நான் வைக்க மாட்டேன், யாரது என்று கேட்கவும் மாட்டேன், யார் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல் வரவில்லையென்றால் விட்டுத் தள்ளு, ட்ராமில் எல்லோரும் கூப்பிட்ட மாதிரி பேர் சொல்லியே கூப்பிடு.

இப்படிக்கு,
ஃபிக்ரி