வரிசையில் வரும் முத்தம்

பெரித்தியோஸ் மாதம், 9

காலையிலிருந்து மழை. சிவப்புச் சாயத்துக்கான மஞ்சிட்டி வேர் காயவில்லை. கூடம் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறேன், நடக்க இடமில்லை. வீட்டுக்காரர் சாப்பிட உட்காரும்போதே முகம் சரியில்லை. சாயக்காரர் சங்கத்தில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்களாம், இந்த மாத விருந்துக்கு வராதவனுக்கு இனி கம்பளி கிடையாது என்று. விருந்து என்றால் ஊர்ச் சாமி திரிம்னோஸ் கோவில் மண்டபத்தில். முதல் கிண்ணத்தைச் சாமிக்கு ஊற்றிவிட்டு, அதற்குப் படைத்த கறியைத் தின்ன வேண்டும். பிறகு குழல் ஊதும் பெண்கள் வருவார்கள். அதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை.

"போகாதீங்க" என்றேன்.

"போகலன்னா அண்டாவுல என்னத்தப் போட்டுக் காய்ச்சுவ? உன் ஜெபத்தையா?"

இரண்டு பேரும் ஒரே நாளில் ஞானஸ்நானம் வாங்கினோம். அன்றைக்கு என்னைவிட அதிகம் அழுதவர் இவர்தான்.

பெரித்தியோஸ், 11. ஆண்டவர் நாள்

வழக்கம்போல ஸோத்திக்கோஸ் வீட்டில் கூடினோம். ஊரில் நம் சபைக்கு இடம் கொடுக்கிற பெரிய வீடு அது ஒன்றுதான். அவனும் சாயக்காரன்தான், ஆனால் கையில் சாயம் பட்டுப் பல காலமாகிறது.

மெலித்தினே அம்மாள் பேசினாள். அவளைத் தீர்க்கதரிசி என்கிறார்கள். "உடம்புங்கிறது ஒரு சட்டை. சட்டையில சேறு பட்டா நீங்க அழுக்காயிடுவீங்களா? கோவில்ல தின்னது வயித்துக்குப் போகும். ஆத்துமாவுக்கு அங்க என்ன வேலை?" குரல் தேனாக இருக்கிறது. நமக்குச் சட்டை உவமை என்றால் உடனே புரிந்துவிடும், அதையும் தெரிந்துதான் பேசுகிறாள். சட்டையில் சேறு பட்டால் அதை யார் துவைக்கிறார்கள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. அந்தக் கையைப் பார்த்தாலே தெரிகிறது.

மூப்பர் கிளைக்கோன் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் பல நாள் கழித்து நிம்மதியாக மூச்சு விட்டார்.

பெரித்தியோஸ், 16

போய்விட்டு வந்தார். தலையில் வைத்த இலைமாலையை வாசல் ஆணியில் மாட்டியிருக்கிறார். "கறி நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். நான் கேட்கவே இல்லை.

பெரித்தியோஸ், 18. ஆண்டவர் நாள்

இன்று ஒரு முடிவோடுதான் போனேன். விருந்துக்குப் போய் வந்த யாருக்கும் என் முத்தம் கிடையாது.

அப்பம் பிட்பதற்கு முன், வரிசையின் முனையிலிருந்து சமாதான முத்தம் கிளம்பும். ஒருத்தியிடம் வாங்கி அடுத்தவளுக்குக் கொடுக்க வேண்டும். அடிமை, எஜமானி என்று பார்ப்பதில்லை. அதைப் பார்த்துத்தான் நான் இந்தச் சபைக்கே வந்தேன்.

என் பக்கத்தில் எப்போதும்போல பிளாஸ்தே. ஸோத்திக்கோஸ் வீட்டு அடிமைப் பெண். ஆற்றிலிருந்து ஞானஸ்நானம் வாங்கி நடுங்கிக்கொண்டு ஏறி வந்தவளைத் துண்டால் போர்த்தியவள் நான். அன்றிலிருந்து 'அக்கா, அக்கா' என்று என்னிடம் ஒட்டிக்கொண்டாள். இன்றும் முத்தத்துக்கு முகத்தைத் தூக்கிக் காட்டினாள். அவள் முடியில் திரிம்னோஸ் கோவில் சாம்பிராணியும் புளித்த திராட்சரசமும் வீசின.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வரிசை அங்கே அறுந்தது. சபை முழுக்கப் பார்த்தது, பார்க்கட்டும். அவள்தான் தூக்கிய முகத்தை இறக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

அடிமை, எஜமான் அனுப்பினால் போகாமல் என்ன செய்வாள்? சரி, பரிமாறப் போனாள். படைத்ததைத் தின்னாமல் இருந்திருக்கலாமே.

பெரித்தியோஸ், 19

சரியாகத்தான் செய்தேன்.

பெரித்தியோஸ், 23

அண்டாவைக் கிண்டிக்கொண்டே, பிளாஸ்தே என்ன தின்றாள் என்று அவரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அவ பரிமாற வரல, அம்மியா."

ஸோத்திக்கோஸ் அடுத்த சங்கத் தலைவனாகப் பார்க்கிறானாம். வாக்கு உள்ள பெரிய மனிதர்கள் மனம் குளிர அவளை அனுப்பியிருக்கிறான்.

"நீங்க அங்கதானே இருந்தீங்க?"

"என்ன பண்ணச் சொல்ற? அவன் அடிமை."

கிண்டுவதை விட்டுவிட்டேன். கம்பளி முழுக்கத் திட்டுத்திட்டாகிப் போனது. போகட்டும்.

ஐயோ — அவ என்கிட்டதானே முகத்தக் காட்டினா. ஊர்ல வேற யாரு இருக்கா அவளுக்கு? அந்த வாசனைய வச்சுத்தானே நான் — நான் என்ன பண்ணிட்டேன், ஆண்டவரே.

பெரித்தியோஸ், 24

கிளைக்கோன் வீட்டுக்குப் போனேன். அத்திப்பழம் வைத்தார், தொடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு எதுவும் புதிதாக இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"ஸோத்திக்கோஸ் வீட்டுலதாம்மா நாம கூடுறோம். அந்தக் கதவு மூடிட்டா விதவைங்க எங்க போவாங்க, பிள்ளைங்க எங்க போவும்?"

"பிளாஸ்தே எங்க போவா, ஐயா?"

"சட்டப்படி அவ அவனோடவ. மெலித்தினே சொல்றதும் முழுக்கத் தப்புன்னு சொல்லிட முடியாது. கொஞ்சம் பொறுத்துப் போம்மா. சபை ஒண்ணா இருக்கணும்ல?"

நல்ல மனிதர். பஞ்சத்தில் தன் தானிய மூட்டையை எல்லாருக்கும் அவிழ்த்துப் போட்டவர். கெட்டவராக இருந்திருந்தால் நான்கு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

பெரித்தியோஸ், 27

ஊற்றடியில் பிளாஸ்தேவைப் பிடித்தேன். குடத்தை நடுவில் வைத்துக்கொண்டு நின்றாள். மன்னித்துக்கொள் என்றேன், அந்தப் பொம்பளை மெலித்தினே சொல்வதெல்லாம் பொய் என்றேன். உடம்பும் ஆண்டவருடையதுதான், உனக்கு நடந்தது அநியாயம், அதைச் சபையில் எழுந்து கேட்கப் போகிறேன் என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"பொய்யின்னு சொல்லாதீங்கக்கா. உடம்பு வேற, நான் வேறன்னு அந்தம்மா சொல்றாங்க. அத நெனச்சுக்கிட்டேதான் அங்க படுத்துக் கெடக்கேன். அதுவும் பொய்யின்னா எனக்கு என்னக்கா மிச்சம்?"

குனிந்து குடத்தின் விளிம்பைப் பிடித்தாள்.

"உடம்பும் நானும் ஒண்ணுதான்னு நீங்க சொல்றது நெசம்னா, அன்னிக்கு நீங்க மூஞ்சத் திருப்பினதும் சரிதானே?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

துஸ்திரோஸ் மாதம், 2. ஆண்டவர் நாள்

கேட்டேன். சங்கீதம் முடிந்ததும் எழுந்து, ஸோத்திக்கோஸ் முகத்தைப் பார்த்தே கேட்டேன். நம் சகோதரியை எவனுக்கோ விருந்து வைத்தவன் வீட்டில் உட்கார்ந்து நாம் எப்படி அப்பம் பிட்கிறோம் என்று. என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து என் மேல்துணியைப் பிடித்து இழுத்தார், உதறிவிட்டேன்.

ஸோத்திக்கோஸ் சிரித்தான். மெலித்தினேதான் பேசினாள், அதே தேன் குரலில். "எதுக்கு வாக்குவாதம்? அந்தப் பொண்ணையே கேட்போமே. பிளாஸ்தே, உனக்கு ஏதாவது கெடுதல் நடந்துச்சாம்மா?"

எஜமான் உட்கார்ந்திருக்கிறான். சபை உட்கார்ந்திருக்கிறது. பிளாஸ்தே எழுந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"இல்லம்மா. என் ஆத்துமாவ யாரும் தொடல."

"ஆமென்" என்றார்கள். கிளைக்கோனும் சொன்னார். என் வீட்டுக்காரர் குரலும் கேட்டது.

பிறகு முத்தம் கிளம்பியது. எனக்கு முன்னால் இருந்தவள் வரை வந்தது. அவள் என்னைத் தாண்டி அடுத்தவளிடம் கொடுத்தாள்.

துஸ்திரோஸ், 5

ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டால் அந்த 'ஆமென்' கேட்கிறது.

பிளாஸ்தேவை விலைக்குக் கேட்டுப் பார்த்தேன். ஸோத்திக்கோஸ் தர மாட்டானாம். சங்கத் தேர்தல் முடியட்டும் என்கிறான்.

துஸ்திரோஸ், 14

இன்று சங்க விருந்து. அவர் என்னிடம் சொல்லாமலே குளித்துவிட்டுக் கிளம்பினார்.

வெயில் சாயும்போது பின்கதவில் பிளாஸ்தே. நல்ல துணி, கண்ணுக்கு மை, கையில் இலைமாலை.

"நேரா வச்சுவிடுங்கக்கா. எனக்குப் பயமா இருக்கு."

மெலித்தினேவிடம் போகக் கூடாதா என்று கேட்டேன். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"அங்க போயி பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது? ஆத்துமாவுக்குப் பயமே கெடையாதாமே."

உட்கார வைத்துத் தலை வாரினேன். என்னிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது, எல்லாம் உண்மைதான், ஒன்றுகூட அவளுக்கு இன்றைக்கு உதவாது. ஓடிப்போ என்று சொல்லலாமா? பிடித்தால் நெற்றியில் சூடு போடுவார்கள். மாலையை வைத்தேன். கோணலாக இருந்தது, திரும்ப வைத்தேன். என் விரல் சிவப்பு அவள் நெற்றியில் லேசாக ஒட்டிக்கொண்டது, துடைத்தேன். பிறகு அந்த இடத்தில் முத்தம் கொடுத்தேன்.

"நீ சொல்றது சரிதான். உன்ன யாராலயும் தொட முடியாது" என்றேன்.

மெலித்தினேவின் வார்த்தை. என் வாயால் சொன்னேன்.

துஸ்திரோஸ், 16. ஆண்டவர் நாள்

வாசல் ஓரமாகக் கடைசியில் உட்கார்ந்தேன். பிளாஸ்தே எழுந்து வந்து என் பக்கத்தில் இடம் பிடித்தாள். முடியில் அதே சாம்பிராணி. முத்தம் வரிசையில் வந்தது, அவள் முகத்தைத் தூக்கினாள், வாங்கிக்கொண்டேன். வரிசை அறுபடவில்லை.

முடிந்ததும் கிளைக்கோன் கண் கலங்க வந்து நின்றார். "இப்பதாம்மா சபையில சமாதானம் வந்துருக்கு. எனக்குத் தெரியும், நீ புரிஞ்சுக்குவன்னு."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிளாஸ்தே என் கையைப் பிடித்திருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.